வரிக் கணக்கும் மரணக் கணக்கும்

ஒவ்வொரு சர்க்காரும் தன் பிரஜைகளைக் குறித்து இரண்டு கணக்குகள் எழுதி வருகிறது. ஜனங்கள் உயிரோடிருக்கையில் அவர்களிடமிருந்து எவ்வளவு பெற்றோம் என்பது ஒன்று; அவர்கள் எதனால் மாண்டார்கள் என்பது மற்றொன்று. ஒரு ராஜ்யத்தின் யோக்கியதையை அளந்தறிய விரும்புகிறவன் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். நமது ராஜ்யத்திலோ முதற் கணக்கு காசு பிசகாமல் எழுதப்படுகிறது. இரண்டாவது கணக்கில், காரணம் எழுத வேண்டிய இடம் அடிக்கடி வெறுமையாகவோ, வெறுமைக்குச் சமமான ஒரு சொல்லோடோ கிடக்கிறது. இந்த வித்தியாசம் தற்செயலானதுதானா என்பதே இன்று நாம் விசாரிக்கப் புகும் விஷயம்.

ஒரு கை, இரண்டு ஏடுகள்

பூந்தமல்லிக்கு மேற்கே, பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையின் மேல் நசரத்பேட்டை இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரிக்கு அண்மையில், வயலும் தோப்புமாக இருந்த பிரதேசம் அது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலை இன்று அவ்விடத்தில் பெருஞ்சாலையைக் குறுக்கே கடக்கிறது. ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குப் போகும் லாரிகளும், கல்லூரி மாணவர்களை ஏற்றிச் செல்லும் பஸ்களும், கூலிக்குப் போகிறவரின் இரு சக்கர வாகனங்களும் இரவு பகலாக அங்கே நெருக்கியடித்துக் கொண்டு போகின்றன. வரி எங்கே பிறக்கிறது, மரணம் எங்கே பிறக்கிறது என்று ஒருவர் கேட்டால், இரண்டுக்கும் காட்டத் தகுந்த ஊர் இது.

இத்தகைய ஊர்களில் பூர்வத்தில் கிராம முன்சீப் என்பவர் இருந்தார். நிலத்தீர்வையை வசூலித்தவர் அவர். பிறப்பு இறப்பைப் பதிந்தவரும் அவரே. 1980-ம் வருஷம் பரம்பரைக் கிராம உத்தியோகங்கள் ஒழிக்கப்பட்டன. அவ்விடத்தில் வந்த கிராம நிர்வாக அலுவலரும் பஞ்சாயத்து ஊர்களில் இவ்விரு வேலைகளையும் செய்து வருகிறார். ஒரே கைதான் இரண்டு ஏடுகளையும் எழுதுகிறது. ஆனால் தீர்வை ஏட்டுக்கு வருஷந்தோறும் ஜமாபந்தி உண்டு. மேலதிகாரி வந்து உட்கார்ந்து, வர வேண்டியது இவ்வளவு, வந்தது இவ்வளவு, நிலுவை ஏன் என்று வரிக்கு வரி கேட்கிறார். மரண ஏட்டின் காரணப் பத்தியை அப்படிக் கேட்பார் யார்? மூப்பு, காய்ச்சல், மார்வலி என்று எழுதிய எழுத்து எழுதியபடியே நின்று விடுகிறது.

நமது உத்தியோகஸ்தர்களுக்குக் கணக்கெழுதும் திறமை குறைவு என்று எவரும் சொல்ல முடியாது. எதைக் கேட்கிறார்களோ அதைச் சரியாக எழுதுகிறார்கள். எதைக் கேட்பதில்லையோ அது கலைந்து கிடக்கிறது.

காரணம் தெரியாத மரணங்கள்

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ம் வருஷத்தில் இயற்றப்பட்டது. மரணத்தைப் பதிய வேண்டும் என்பது எல்லோருக்கும் பொதுவான கடமை. மரண காரணத்தை வைத்தியர் அத்தாட்சி செய்ய வேண்டும் என்பதோ, ராஜ்ய சர்க்கார் எந்தெந்த இடங்களுக்கு அதை விதிக்கிறதோ அந்த இடங்களோடு நின்றது. இதன் பலனை எண்களில் காணலாம். 2020-ம் வருஷத்தில் இந்தியா முழுவதிலும் பதிவான மரணங்கள் சுமார் 81 லட்சம். அவற்றில் வைத்தியர் காரணம் அத்தாட்சி செய்தவை சுமார் 18 லட்சம்; அதாவது நூற்றுக்கு 22.5. மீதமுள்ள 63 லட்சம் பேர் மாண்டார்கள் என்று தெரியும். எதனால் மாண்டார்கள் என்பதற்கு வைத்திய சாட்சியம் இல்லை. நமது ராஜ்யம் இந்தச் சராசரியைவிட மேலான நிலையில்தான் இருக்கிறது. மரணத்தைப் பதிவதில் தமிழ்நாடு முன்னணியில் நிற்பதும் உண்மை. ஆயினும் வீட்டில் மாள்கிறவர்களின் காரணத்தை நிச்சயிக்கும் ஏற்பாடு இங்கும் பூர்த்தியாகவில்லை.

வைத்தியர் எழுதித் தந்தால் மட்டும் போதுமா? அத்தாட்சிப் பத்திரத்தில் வரிசையாகச் சில கேள்விகள் இருக்கின்றன. உடனடிக் காரணம் யாது? அதை விளைவித்தது யாது? அதற்கும் மூலமாக இருந்தது யாது? புள்ளிவிவரத்துக்கு வேண்டியது கடைசிக் கேள்விக்குரிய விடைதான். ஆனால் “இருதயமும் சுவாசமும் நின்றன” என்று முதல் வரியில் எழுதி, மற்றவற்றைக் காலியாக விடும் வழக்கம் பரவியிருக்கிறது. இருதயமும் சுவாசமும் நில்லாமல் மாண்டவர் எவருமில்லை. அது மரணத்தின் லட்சணமேயன்றிக் காரணமாகாது. எதிர்வாதி பணம் தரவில்லை, ஏனென்றால் பணம் தரப்படவில்லை என்று ஒருவர் வாதித்தால் கோர்ட்டு எப்படிக் கேட்குமோ, அப்படித்தான் இதையும் கேட்க வேண்டும். 2023-ம் வருஷத் திருத்தச் சட்டம், எல்லா வைத்திய நிலையங்களும் காரண அத்தாட்சியைக் கட்டணமின்றித் தரவும், நெருங்கிய உறவினருக்கு ஒரு நகல் அளிக்கவும் விதித்திருக்கிறது. அதே வருஷம் அக்டோபர் முதல் தேதி அது அமலுக்கு வந்தது. இது நல்ல திருத்தம். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வராமலே மாள்கிறவனின் வீட்டு வாசலை இந்தத் திருத்தம் எட்டுவதில்லை.

மரணக் கணக்கு என்ன செய்யும்?

இறந்தவரை எண்ணுவதால் அவர் பிழைத்து வருவாரா என்று சிலர் கேட்கலாம். இருப்பவர் பிழைப்பார் என்பதே விடை. 1662-ம் வருஷத்தில் ஜான் கிராண்ட் என்ற லண்டன் வியாபாரி, ஊரில் வாரந்தோறும் வெளியான மரணப் பட்டியல்களைத் தொகுத்து ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். ஜன சமூகத்தின் ஆரோக்கியத்தை எண்களால் அறியும் சாஸ்திரம் அதிலிருந்து பிறந்தது. 1854-ல் ஜான் ஸ்நோ என்ற வைத்தியர் காலரா தண்ணீரால் பரவுகிறது என்று நிலைநாட்ட முயன்றபோது, அவருக்கு ஆயுதமாக உதவியவை பதிவு இலாகாவில் வில்லியம் பார் திரட்டி வைத்திருந்த மரண விவரங்கள். எந்த வீட்டுக்கு எந்தக் கம்பெனி தண்ணீர் விட்டது, அந்த வீட்டில் எத்தனை பேர் மாண்டார்கள் என்று அவர் பொருத்திப் பார்த்தார்.

நம் நாட்டிலேயே இதைவிடக் கசப்பான உதாரணம் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. செலவைக் குறைக்கும் பொருட்டு இந்திய சர்க்கார் ஸர் ரிச்சர்டு டெம்பிளை அனுப்பியது. நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று அவர் நிர்ணயித்தார். மாகாண சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். இந்த அளவு தின்று உழைக்கிறவன் மாள்வான் என்று, முகாம்களின் உடல்நிலையையும் மரண எண்களையும் காட்டி வாதித்தார். சில மாதங்களில் கூலியை உயர்த்த நேர்ந்தது. அதற்குள் மாண்டவர்களை யார் மீட்டுத் தருவார்? கஜானாவின் ஏட்டை ஏந்தியவர் ஒருவர். மரணத்தின் ஏட்டை ஏந்தியவர் மற்றொருவர். இரண்டாம் ஏடு இல்லாதிருந்தால் முதல் ஏடே வேதவாக்காக நின்றிருக்கும். அந்நிய ஆட்சியில் நடந்த இந்த விவாதம் சுயராஜ்யத்தில் தேவையில்லை என்று நாம் நினைத்தோமானால், சுயராஜ்யத்தின் பொருளை நாம் அறிந்தவர்கள் அல்லோம்.

இருமுறை செலுத்திய விலை

இப்பொழுது கஜானாவின் ஏட்டைத் திறப்போம். 1937-ம் வருஷம் அக்டோபர் முதல் தேதி, ராஜாஜி தலைமையில் இருந்த மாகாண மந்திரி சபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை ஆரம்பித்தது. பிறகு வேறு ஜில்லாக்களுக்கும் அது பரவியது. கள்ளு, சாராயக் கடைகளால் வந்த ஆப்காரி வருமானம் போயிற்று. அந்தக் குறையை நிரப்புவதற்கு 1939-ல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் செய்யப்பட்டது. குடியை ஒழிப்பதற்காக ஜனங்கள் உப்பு, புளி, துணிக்குக் கூடக் கொஞ்சம் கொடுக்கட்டும் என்பதே அந்த வரியின் நியாயம். 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது.

1971-ல் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு கடைகளை மூடுவதும் திறப்பதுமாகப் பல மாறுதல்கள் நிகழ்ந்தன. 1983-ல் டாஸ்மாக் என்னும் சர்க்கார் கம்பெனி மொத்த வியாபாரத்துக்காக அமைந்தது. 2003-ம் வருஷக் கடைசியில் சில்லறை வியாபாரமும் அதன் ஏகபோகமாயிற்று. கடை திரும்பி வந்தது. ஆனால் கடையை மூடுவதற்காக விதித்த விற்பனை வரி திரும்பிப் போகவில்லை. அது 2007-ல் மதிப்புக் கூட்டு வரியாகவும், 2017-ல் பெரும்பகுதி ஜி.எஸ்.டி.யாகவும் பெயர் மாறி இன்றும் வசூலாகிறது. ஒரு பண்டத்துக்கு விலையை வாங்கிக் கொண்டு, பண்டத்தையும் திருப்பி எடுத்துக் கொண்டால் அதற்கு வியாபாரத்தில் ஒரு பெயர் உண்டு. ராஜ்ய நிர்வாகத்தில் அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

2003-04-ல் மது விற்பனையால் சர்க்காருக்குக் கிடைத்த வரி வருமானம் சுமார் 3,639 கோடி ரூபாய். 2022-23-ல் அது 44,121 கோடி. 2023-24-ல் 45,855 கோடி. 2024-25-ல் 48,344 கோடி. ரூபாயின் மதிப்பு குறைந்ததைக் கழித்துப் பார்த்தாலும் இது அசாதாரணமான வளர்ச்சி. நாளொன்றுக்கு 130 கோடிக்கு மேல் வருகிறது. ராஜ்யத்தின் சொந்த வரி வருமானத்தில் கால் பங்குக்கு மேல் இந்த ஓர் இனமே தருகிறது.

மந்திரிகளை மட்டும் குறை கூறிப் பயனில்லை. 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தபோது, வரி விகிதத்தைத் தன்னிச்சையாக மாற்றும் உரிமையில் பெரும்பகுதியை ராஜ்யங்கள் இழந்தன. குடிக்கும் மதுவும், பெட்ரோலும், டீசலும் அதற்குப் புறம்பாக நின்றன. இவற்றோடு பத்திரப் பதிவும் வாகன வரியுமே ராஜ்யத்தின் கையில் மிஞ்சிய சாவிகள். ஆகவே எந்தக் கட்சி பதவிக்கு வந்தாலும், பணம் வேண்டுமென்றால் மதுக்கடையின் பக்கமும் பெட்ரோல் பங்கின் பக்கமும்தான் கை நீளுகிறது. இந்த இரண்டும் மரண ஏட்டில் எங்கே தென்படுகின்றன என்று பார்ப்பதே நியாயமான அடுத்த கேள்வி.

ஏட்டில் காணாத பெயர்

மரண ஏட்டில் மது என்ற பெயரைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. அது வேறு பெயர்களில் ஒளிந்திருக்கிறது. ஈரல் சுருங்கி மாண்டவன் ஈரல் வியாதியில் எழுதப்படுகிறான். குடித்து உடல் தேய்ந்து க்ஷயம் பிடித்தவன் க்ஷய ரோகத்தில் எழுதப்படுகிறான். வண்டியிலிருந்து விழுந்தவன் விபத்தில், தூக்கிட்டுக் கொண்டவன் தற்கொலையில். 2019-ம் வருஷத்தில் உலகம் முழுவதும் 26 லட்சம் மரணங்களுக்கு மது பொறுப்பாகும் என்றும், அது மொத்த மரணங்களில் நூற்றுக்கு 4.7 ஆகும் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2024-ல் அறிவித்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்த ஆண்களில் நால்வரில் ஒருவர் குடிப்பவர். இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவே நமது ராஜ்யத்தின் சொந்த எண் ஒன்று நிற்க வேண்டும். கடையில் விற்ற ஒவ்வொரு புட்டிக்கும் கணக்கு வைத்திருக்கும் சர்க்கார், அந்த எண்ணை வருஷந்தோறும் ஜில்லாவாரியாகத் தன் வரவு செலவுத் திட்டத்தோடு சேர்த்துச் சட்டசபை முன் வைப்பதில்லை.

தேசியக் குற்றப் பதிவுக் கழகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ல் தமிழ்நாட்டில் தற்கொலையால் மாண்டவர் 19,834 பேர். மஹாராஷ்டிரத்துக்கு அடுத்தபடி நாமே. நாடு முழுவதிலும் தற்கொலைகளில் நூற்றுக்கு 6.8 போதையடிமைத்தனத்தால் என்றும், நூற்றுக்கு 31.7 குடும்பப் பிரச்னையால் என்றும் அதே கழகம் வகுத்தது. அந்தக் குடும்பப் பிரச்னைகளில் எத்தனை, மாலையில் கூலிப் பணம் வீடு வந்து சேராததிலிருந்து ஆரம்பித்தவை? ஒரு மரணத்துக்கு ஒரு காரணம் என்று பத்தி பிரித்தால், மூல காரணம் முதற் பத்தியிலிருந்து நழுவிப் போய்விடுகிறது.

சாலைக் கணக்கும் இத்தகையதே. 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் நிகழ்ந்தன; விபத்து எண்ணிக்கையில் இந்தியாவில் முதலிடம். மாண்டவர் 17,884 பேர். அதில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். நாளொன்றுக்குச் சுமார் 49 பேர். நாடு முழுவதும் பத்தில் ஏழு மரணங்களுக்கு அதிவேகமே காரணம் என்று அறிக்கை சொல்கிறது. வேகமாக ஓட்டியவன் குடித்திருந்தானா, சாலையில் விளக்கு எரிந்ததா, பாதசாரி கடக்க வழியிருந்ததா என்பவை அந்த ஒரு சொல்லுக்குள் மறைகின்றன.

முந்திய ஆண்டுகளின் எண்களையும் கவனிக்க வேண்டும். வெளியான அறிக்கைகளின்படி 2016-ல் மாண்டவர் 17,218, 2019-ல் 10,525, 2020-ல் 8,059, 2021-ல் 15,384. 2020-ல் ஊரடங்கு இருந்தது என்பதை ஒப்புக் கொள்வோம். ஆனால் மூன்றே வருஷத்தில் சாலைகள் இவ்வளவு திருந்தி, அடுத்த இரண்டு வருஷத்தில் இவ்வளவு கெட்டுப் போயிருக்குமா? சாலையைவிட அதிகமாகக் கணக்கே மாறியிருக்க வேண்டும் என்று ஊகிப்பதே புத்திக்குப் பொருத்தம். அடிபட்டவன் பல நாள் கழித்து ஆஸ்பத்திரியில் மாண்டால், அந்தச் செய்தி போலீஸ் நிலையத்தின் ஏட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அவன் ஏட்டில் உயிரோடிருப்பான். 2021 டிசம்பரில் ஆரம்பித்த “இன்னுயிர் காப்போம்” திட்டம் விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைச் செலவின்றி அளிக்கிறது. அதை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அதன் பலனை அறிவதற்கும் நாணயமான மரணக் கணக்கே வேண்டும்.

நியாயஸ்தலம் பேசிய இடம்

மரணக் கணக்கு வரிக் கணக்கை எதிர்த்து நியாயஸ்தலத்தில் ஒருமுறை ஜயித்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பாலு என்னும் வழக்கறிஞர் நடத்திய வழக்கில், தேசிய, ராஜ்ய நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சாலை மரண எண்களே அதன் அஸ்திவாரம். நசரத்பேட்டை போன்ற பெருஞ்சாலை ஊர்களுக்கு இதைவிட நேரான தீர்ப்பு வேறில்லை. ஆனால் 2017 மார்ச்சில் 20,000-க்குக் குறைந்த ஜனத்தொகையுள்ள உள்ளூராட்சிப் பகுதிகளுக்குத் தூரம் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. அதே வருஷம் ஜூலையில் நகரசபை எல்லைகளுக்குத் தடை பொருந்தாது என்ற விளக்கம் வந்தது. நெடுஞ்சாலைக்கு வேறு பெயர் சூட்டித் தீர்ப்பைத் தாண்டிய ராஜ்யங்களும் உண்டு. சாலையின் பெயர் மாறியதால் அதில் மாண்டவன் எழுந்து நடந்தானா?

கடையை மூடினால் கள்ளச் சாராயம் பெருகும் என்று சிலர் எச்சரிக்கிறார்கள். இது அலட்சியம் செய்யத் தக்க வாதமல்ல. மதுவிலக்குள்ள பீஹாரில், 2022 டிசம்பரில் ஸாரண் ஜில்லாவில் விஷச் சாராயம் எழுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றபோது நமது ராஜ்யத்தில் கடைகள் திறந்தேயிருந்தன. கடை திறந்திருப்பது ஏழையை விஷத்திலிருந்து காக்கும் என்ற வாதமும் அங்கே இறந்தது. ஆகவே திறப்பதா மூடுவதா என்ற விவாதத்தை ஆவேசத்தால் தீர்க்க முடியாது. சாட்சியத்தால் தீர்க்க வேண்டும். அந்தச் சாட்சியம்தான் இன்று ஏட்டில் இல்லை.

செய்ய வேண்டியது

இது இயலாத காரியமல்ல. சென்னை நகரிலும் விழுப்புரம் ஜில்லாக் கிராமங்களிலும் டாக்டர் கஜலட்சுமி முதலியோர் 43,000 ஆண்களின் மரணத்தை ஆராய்ந்து, 2003-ல் லான்செட் பத்திரிகையில் முடிவை வெளியிட்டார்கள். மாண்டவரின் வீட்டுக்குச் சென்று, உறவினரிடம் நோயின் போக்கைக் கேட்டறியும் முறையைக் கையாண்டார்கள். இந்தியாவில் க்ஷயத்தால் மாளும் ஆண்களில் பாதிப் பேரின் மரணத்துக்குப் புகைப் பழக்கம் காரணம் என்று அதனால் தெரிந்தது. நமது மண்ணிலேயே, நமது பாஷையிலேயே கேட்டறிந்த உண்மை அது. ஆராய்ச்சியாளர் ஒருமுறை செய்ததைச் சர்க்கார் வழக்கமாகச் செய்ய வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

முதலாவதாக, வீட்டில் நிகழும் ஒவ்வொரு மரணத்துக்கும் சுகாதார ஊழியர் ஒருவர் சென்று காரணம் விசாரிக்க வேண்டும். இரண்டாவதாக, விபத்திலும் தற்கொலையிலும் மாண்டவரின் பிரேத பரிசோதனையில் மது இருந்ததா என்பது எழுதப்பட்டு, அதன் தொகை வெளியாக வேண்டும். மூன்றாவதாக, போலீஸ் ஏடும், ஆஸ்பத்திரி ஏடும், பதிவு ஏடும் வருஷத்துக்கு ஒருமுறை ஒன்றோடொன்று சரிபார்க்கப்பட வேண்டும். நான்காவதாக, நிதி மந்திரி வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பிக்கும் நாளன்று, ஜில்லாவாரியாக மது வருமானம் ஒரு பத்தியிலும், ஈரல் வியாதி, விபத்து, தற்கொலை மரணங்கள் அடுத்த பத்தியிலுமாக ஒரே காகிதத்தில் அச்சிட்டுச் சட்டசபை அங்கத்தினர் கையில் கொடுக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு, ஒரு நாள் மது வருமானத்துக்கு முன் பெரிதாக இராது.

வரவு வைத்தவன் செலவைக் காட்ட வேண்டும் என்பது எந்த டிரஸ்டிக்கும் உள்ள பொறுப்பு. சர்க்கார் ஜனங்களின் டிரஸ்டி. ஊரில் சபை கூடும்போது குழாயையும் விளக்கையும் பற்றிக் கேட்கும் ஜனங்கள், சென்ற வருஷம் நம் ஊரில் மாண்டவர் எத்தனை பேர், எதெதனால் மாண்டார்கள் என்ற பட்டியலையும் வாசிக்கச் சொல்ல வேண்டும். நசரத்பேட்டை அதை முதலில் கேட்கட்டும். அந்த ஊரார் பெருஞ்சாலையின் ஓரத்தில் குடியிருப்பவர்கள். கேட்பதற்கு மற்றெவரையும்விட அதிக உரிமை உடையவர்கள்.